கையுறைத் தூள்

செப்டம்பர் பிறந்தால் எங்கள் கால்வாய் ஊருக்குள்
மாவு ஆலையின் வாடை வந்துவிடும்.
வேகாத கிழங்கும் ஈரமண்ணும் கலந்தது.
அறுவை அறைக்குள் நுழையாது என்பார்கள்.
எனக்கு நுழையும்.

இன்று மேசையில் ரைண்டர் ஹூய்சிங்,
குரோனிங்கன் சாலையில் கிழங்கு லாரி ஓட்டுபவர்.
நான்கு நாளாகக் குடலில் அடைப்பு.
வயிற்றில் பழைய தழும்பு இரண்டு.
ஒன்று குடல்வால் எடுத்தது, எண்பத்து மூன்று நவம்பர்.
மற்றது, அதனால் வந்த ஒட்டைப் பிரிக்கப்போனது.
பழுத்த கோப்பில் முதல் தழும்புக்கு நேரே
செவிலியர் கையொப்பம்: எஃப். வீர்ஸ்மா.
ஃபென்னா. நான்தான்.
இருபத்திரண்டு வயதில் எவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறேன்!

அப்போது கையுறைகள் தூளோடு வரும்.
சோளமாவு. விரல் வழுக்கி நுழைய.
உதறினால் விளக்கின் கீழே மெல்ல இறங்கும்,
பார்க்க நன்றாகக்கூட இருக்கும்.
துடைத்துவிட்டுத் தொடு என்று சொன்னவர்கள் உண்டு.
துடைத்தேனா?
காலையில் இருந்து யோசிக்கிறேன்.
உள்ளே விழுந்த துகள் சதையைச் சீண்டும்,
சீண்டிய இடத்தில் இழையோடும்,
இழை தடித்துக் கயிறாகும் என்பதெல்லாம்
எங்கள் அறைக்குத் தாமதமாக வந்த சேதி.

காயம் ஆறுவது என்றால்
பக்கத்தில் கிடைத்ததைப் பற்றிக்கொள்வது.
தன் வீடு எது அண்டை வீடு எது என்று
உடம்பு பார்ப்பதில்லை.
நல்ல மனசுதான்.
அதனால்தான் இந்த மனிதர்
நான்கு நாளாய்ப் பச்சையாக வாந்தி எடுத்தார்.

டாக்டர் ஈப்கே பாஸ்மா பிரிக்கிறார்.
சில ஒட்டுகள் நனைந்த நூலாம்படை,
விரல் பட்டாலே விடும்.
சில, செருப்புத் தோல்.
மூன்று மணி நேரம்
யாரும் ரேடியோ போடச் சொல்லவில்லை.

பிறகு கை நீட்டுகிறார்.
நான் புட்டியைத் திறக்கிறேன்.
வெள்ளைத் தூள்.
மறுபடியும் மாவுதான்,
இந்த முறை உருளைக்கிழங்கிலிருந்து.
சங்கிலியை நறுக்கி, வேறு கொக்கி மாட்டி,
ஆய்வகத்தில் குணம் மாற்றியது.
உப்புநீர் விட்டதும் கூழாகிறது.
உறை ஒட்டவும் காலர் விறைக்கவும்
காலமெல்லாம் பசையாய் இருந்த பொருளுக்கு
இங்கே வேலை, நடுவில் நிற்பது.
ஒரு வாரம் போல நின்றால் போதும்.
வாயில் ரொட்டியைக் கரைக்கும் நொதியின் உறவு ஒன்று
அதையும் கரைத்துவிடும்.
அதற்குள் குடல் தன் தோலைத் தானே
போர்த்திக்கொண்டிருக்க வேண்டும்.
எல்லா வயிற்றிலும் பலிப்பதில்லை என்று
துண்டுத்தாள் பொடி எழுத்தில் சொல்கிறது.

வளையம் வளையமாய்ப் பூசுகிறார்.
என் கையுறையில் இன்று தூள் இல்லை.
கழற்றும்போது தோலோடு வர மறுக்கிறது.

நான்காம் நாள் ரைண்டருக்குக் காற்றுப் பிரிந்தது.
வார்டே கை தட்டியது.
உலகத்தில் இதற்குக் கை தட்டும் இடம்
இது ஒன்றுதான்.

ஆறாம் நாள் கேட்டார்:
"உள்ளே என்ன வைத்தீர்கள்?"
"கிழங்கு மாவு."
தையலைத் தலையணையால் அழுத்திக்கொண்டு சிரித்தார்.
"யார் கொல்லைக் கிழங்கு?
இந்த வருஷம் விலையே இல்லை.
நீங்களாவது கொஞ்சம் வாங்கினீர்களே."

அப்போது சொன்னேன்.
எண்பத்து மூன்றில் நானும் இருந்தேன் என்று.
தூளைப் பற்றி.
துடைத்தேனா என்று தெரியாததைப் பற்றி.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
வெளியே பாரம் ஏற்றிய லாரி ஒன்று
வட்டச் சாலையில் சாய்ந்து திரும்பியது.
இரண்டு கிழங்கு உருண்டு நடுவீதியில் நின்றது.
"சரியாகத் தார்ப்பாய் கட்டவில்லை" என்றார்,
அந்த ஓட்டுநரைத்தான்.

பிறகு, திரும்பாமலே:
"அந்தக் கூழ் இன்னும் இருக்கிறதா?"
"இன்றோ நாளையோ போய்விடும்."
"அப்புறம்?"

தட்டில் இருந்த ரொட்டியை
அவர் பக்கம் தள்ளினேன்.
"மெதுவாக மெல்லுங்கள்" என்றேன்.